விளக்கு மிதந்தது; பெயர் மூழ்கியது!

தோழர் ஒருவர் கேட்டார். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றிலே கட்டிங் வேலை செய்பவர். மாலையிலே படிப்பகம் வருபவர். மறுத்துப் பேச அஞ்சாதவர். அன்னையை இழந்து ஓராண்டு நிறைந்தது அவருக்கு. உறவினர் கூடினர். "பேரூர் போவோம்; நொய்யல் படித்துறையிலே பிண்டம் வைப்போம்; புரோகிதருக்குத் தட்சணை தருவோம்; ஆன்மா சாந்தியடையும்" என்றனர். "உயிரோடு இருந்தபோது அவளுக்கு ஓய்வு தராத நாம், செத்தபிறகு ஆற்றிலே சோறு கரைத்து அமைதி தருவதா? மாட்டேன்!" என்றார் அவர். வாதத்திலே வென்றார். ஆனால், அந்த நாள் வந்தபோது, கையைப் பிசைந்துகொண்டு வீட்டு மூலையிலே உட்கார்ந்திருந்தாராம்.

"வேண்டாததை விலக்கிவிட்டேன், வேண்டியதைச் செய்தேனா என்றுதான் தெரியவில்லை" என்றார். சற்றுத் தயங்கிவிட்டு மேலும் கேட்டார்: "ஜப்பானிலே பௌத்தர்கள், மறைந்தவர் நினைவாக ஆற்றிலே விளக்கு மிதக்கவிடுகிறார்களாமே! சாதி பார்ப்பதில்லை, தட்சணைப் பேச்சில்லை, கலந்துகொண்டவர்கள் கண்கலங்கித் திரும்புகிறார்களாம். அதையே நாம் நம் நொய்யலிலே நடத்தினால் என்ன?"

கேலி பேசித் தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல இது. பழைய சடங்கை விட்டவன் பாசத்தையும் விட்டவனல்லன். புரோகிதனை வேண்டாம் என்றவன், பெற்றவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. எனவே, இந்தக் கேள்விக்கு விடை காண, விளக்கு மிதக்கும் ஆறுகளின் கரைவரை சென்று வருவோம், தோழர்களே! முதலில் ஜப்பான், பிறகு சயாம், முடிவில் நம் நொய்யல்.

* * *

ஆகஸ்டுத் திங்கள் ஆறாம் நாள், அந்தி மயங்கும் வேளை, ஹிரோஷிமா நகரம், மோட்டோயாசு ஆற்றின் கரை. முதியவர் வருகின்றனர், முதுகு வளைந்து. தாய்மார் வருகின்றனர், குழந்தைகளைக் கையிலே பிடித்தபடி. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கூடு. சிறு மரச்சட்டம், அதைச் சுற்றி நாற்புறமும் ஒட்டப்பட்ட வண்ணக் காகிதம், உள்ளே ஒரு சுடர். காகிதத்திலே எழுத்து: ஒருவரின் பெயர், ஒரு வேண்டுகோள், ஒரு வாக்குறுதி. குனிந்து நீரிலே வைக்கின்றனர். மெல்லத் தள்ளுகின்றனர். விளக்கு நகர்கிறது, விழிகள் அதைத் தொடர்கின்றன. ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என விளக்குகள் பெருகி ஆறு முழுவதும் ஒளி. அந்த ஒளிக்குப் பின்னால், இடிந்த மண்டபம் ஒன்று எலும்புக்கூடுபோல் நிற்கிறது. அணுகுண்டுக்குத் தப்பி நின்ற சுவர்கள் அவை!

1945ஆம் ஆண்டு அதே நாள், காலை 8 மணி 15 நிமிடத்துக்குக் குண்டு வெடித்தது. உடல் வெந்தவர்கள் "தண்ணீர், தண்ணீர்" என்று கதறிக்கொண்டு ஓடியது அந்த ஆறுகளை நோக்கித்தான். இறங்கியவர் பலர் ஏறவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் மாண்டோர் ஏறத்தாழ 1,40,000 பேர். தீ பரவாதிருக்கக் கட்டடங்களை இடிக்கும் பணிக்கென்று அனுப்பப்பட்டிருந்த பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கிலே அவர்களுள் அடங்குவர். ஆகவே தோழர்களே, ஹிரோஷிமாவிலே அந்த ஆறு, சடங்குக்காகத் தேடிப்பிடித்த தண்ணீர் அல்ல. சாவு நடந்த களம். அங்கே விடப்படும் விளக்கு, "இங்கேதான், இன்ன நாளிலே, இன்ன கொடுமையாலே என் உற்றார் மாண்டார்" என்று இடத்தையும் நாளையும் சுட்டிக்காட்டும் ஒரு விரல்.

அந்த விழாவுக்கு அந்த நாட்டிலே பெயர், தோரோ நகாஷி. அதன் பொருள், விளக்கை நீரிலே செல்லவிடுதல் என்பதே. வேர் எங்கே என்று பார்த்தால், ஓபோன் என்னும் நீத்தார் விழாவுக்கு வந்து சேர்கிறோம். கோடையிலே மூன்று நாட்கள், மறைந்த முன்னோர் வீடு திரும்புகின்றனர் என்பது நம்பிக்கை. வாயிலிலே தீ மூட்டி வரவேற்பு. கடைசி நாளிலே விளக்கோடு வழியனுப்பு. ஏழாம் நூற்றாண்டிலேயே அந்த நாட்டு அரசவையில் இடம்பெற்றுவிட்ட விழா அது.

இதற்கு அடிப்படையாக ஒரு கதை சொல்வர். புத்தரின் மாணாக்கருள் ஒருவர் மொக்கல்லானர். மறைந்த தாய் எங்கே இருக்கிறாள் என்று தேடினாராம். பசித்த பேய்களின் உலகிலே, வற்றிய உடலோடு வாடக் கண்டாராம். சோறு கொண்டுபோய்க் கொடுத்தார். வாயருகே சென்றதும் அது நெருப்பாயிற்று. கலங்கி வந்து புத்தரைக் கேட்டார். மழைக்காலத் தங்கல் முடித்து வரும் துறவியருக்கு உணவளி. தாயின் துயர் தீரும் என்பது விடை. உல்லம்பன சூத்திரம் கூறும் கதை இது. அந்த நூல் சீன மண்ணிலே உருவானது என்றே ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். ஆன்மா என்று நிலையான ஒன்று இல்லை என்று சொன்னவர் புத்தர். அவர் பெயராலேயே ஆவிக்கு உணவும் ஆவிக்கு விளக்கும் வந்துவிட்டன! "பார்த்தாயா, அங்கேயும் அதே கதைதான்" என்று வைதீகர் கைகொட்டக்கூடும். கொட்டட்டும். அறிவு ஒரு வழி காட்ட, ஆற்றாமை வேறு வழி இழுத்த வரலாறு எல்லா நாட்டிலும் உண்டு, அதை மறைப்பானேன்? ஆயினும், கதையின் உள்ளே கிடக்கும் உண்மை ஒன்று உண்டு. செத்தவளுக்கு ஊட்டிய சோறு நெருப்பாகிறது. இருப்பவருக்கு இட்ட சோறுதான் பயன் தருகிறது. கதை கட்டியவர்களே, தம்மை அறியாமல், அந்த உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டனர்.

நம் தமிழிலே இதைவிடத் துணிவாகச் சொன்ன பௌத்தக் காப்பியம் உண்டு. மணிமேகலையிலே சக்கரவாளக் கோட்டம் என்னும் சுடுகாட்டைச் சாத்தனார் காட்டுகிறார். அங்கே கோதமை என்னும் தாய், இறந்த மகன் சார்ங்கலனைத் தூக்கிக்கொண்டு வந்து, "என் உயிரை எடுத்துக்கொள், இவன் உயிரைக் கொடு" என்று காவல் தெய்வமாகிய சம்பாபதியிடம் முறையிடுகிறாள். தெய்வம் என்ன சொல்லிற்று? முடியாது என்றது! போன உயிரை மீட்கும் ஆற்றல் எந்தத் தெய்வத்துக்கும் கிடையாது என்றது, தாய் நம்பவில்லை, தெய்வங்கள் அனைத்தையும் வரவழைத்து, அவற்றின் வாயாலேயே இயலாது என்று சொல்லவைத்தது. தெய்வங்களையே சாட்சிக் கூண்டிலே ஏற்றி, "எங்களால் ஆகாது" என்று வாக்குமூலம் வாங்கிய காப்பியம் அது! பின்னர் அதே மணிமேகலை கையிலே அமுதசுரபியை ஏந்துகிறாள். ஏந்தியது செத்தவருக்காக அல்ல, பசித்தவருக்காக.

எனவே, முதல் விடை கிடைத்துவிட்டது. ஆற்றிலே விடும் விளக்கு இறந்தவரைச் சென்று அடைவதில்லை. சற்று தொலைவு மிதக்கும், திரி கரியும், காகிதம் நனையும், அவ்வளவே. அது சென்றடையும் இடம் ஒன்றே ஒன்றுதான்: கரையிலே நிற்பவனின் நெஞ்சம். சரி, நெஞ்சத்தை அடைந்து அங்கே அது என்ன செய்கிறது? கண்ணீரைத் துடைத்து அனுப்பிவிடுகிறதா? கணக்கைக் கேட்கச் சொல்கிறதா? இதுதான் இரண்டாவது கேள்வி. கடினமான கேள்வியும் இதுதான்.

* * *

ஹிரோஷிமாவிலே குண்டு விழுந்தபோது அங்கே ஜப்பானியர் மட்டுமா இருந்தனர்? கொரியா அன்று ஜப்பானின் அடிமை நாடு. பிழைப்புக்கு வந்தோரும், கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டோருமாகப் பல்லாயிரம் கொரியர் அந்த நகரிலே இருந்தனர், மாண்டனர். 20,000 பேருக்கு மேல் என்று அவர்களுக்கான நினைவுக்கல் கூறுகிறது. அந்தக் கல் நாட்டப்பட்ட ஆண்டு 1970. நாட்டப்பட்ட இடம்? அமைதிப் பூங்காவுக்கு வெளியே! அந்தக் கல் பூங்காவின் உள்ளே இடம்பெற்ற ஆண்டு 1999. செத்து ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அவர்கள் வேலி தாண்டி உள்ளே வர முடிந்தது! இடைப்பட்ட ஆண்டுகளிலும் ஆகஸ்டு 6 வந்தது, விளக்குகள் மிதந்தன. விளக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன் ஒளி எல்லோர்மீதும் விழவில்லை.

இதைச் சொல்லும்போது, அதே நகரம் செய்த நல்ல செயலையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே நினைவு மண்டபத்தின் அடியிலே ஒரு பேழை, அதனுள்ளே பெயரேடுகள். குண்டினால் பாதிக்கப்பட்டு மறைந்தவர் ஒவ்வொருவர் பெயரும் அதிலே ஏறுகிறது, ஆண்டுதோறும் சேர்க்கின்றனர், மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது எண்ணிக்கை. அந்த ஏடுகளுள் ஒன்று, பெயர் தெரியாமலே மாண்டவர்களுக்கென்று வைக்கப்பட்டது. எழுதப்படாத ஏடு! பெயர் தெரியவில்லை என்பதையே பதிவு செய்து வைத்த ஏடு! ஆற்றிலே ஓடும் ஆயிரம் விளக்கைக் காட்டிலும், அந்த வெற்று ஏடு அதிக வெளிச்சம் தருகிறது என்பேன்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது, நம்மவர் சாவுக்கு வரும்போது விளங்கும். சயாமுக்குப் போவோம்.

* * *

இன்றைய தாய்லாந்தைத்தான் நம் பாட்டன்மார் சயாம் என்றனர். அங்கே ஆண்டுதோறும் பன்னிரண்டாம் மாதத்து முழுநிலா நாளிலே, பெரும்பாலும் நவம்பரிலே, லோய் கிரதோங் என்னும் விழா. வாழைத்தண்டை வட்டமாக அரிந்து, வாழையிலையை மடித்து இதழ்களாகச் செருகி, பூவும் ஊதுவத்தியும் மெழுகுத்திரியும் வைத்து ஆற்றிலே மிதக்கவிடுவர். நீருக்கு நன்றி என்பார் சிலர்; புத்தரின் அடிச்சுவட்டுக்கு வணக்கம் என்பார் சிலர். ஆடிப்பெருக்கிலே காவிரியிலே விளக்கு விடும் நம் தாய்மாரைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

அந்த நாட்டிலே காஞ்சனபுரி என்று ஓர் ஊர். அங்கே க்வாய் என்று ஓர் ஆறு. ஆற்றின் குறுக்கே ஓர் இரும்புப் பாலம். அந்த முழுநிலா இரவிலே அந்தக் கரையிலே நின்று ஒளி மிதப்பதைக் காணும் தமிழன், காலுக்கு அடியிலே என்ன இருக்கிறது என்பதை அறிந்தால் அங்கே நிற்கமாட்டான், உட்கார்ந்து அழுவான்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவிலே ரப்பர்த் தோட்டங்களை ஆண்ட வெள்ளை முதலாளிகள் ஓடினர், அல்லது சிறைப்பட்டனர். ரப்பர் வாங்க ஆளில்லை, தோட்டத்திலே வேலையில்லை, அரிசியில்லை. அந்தத் தோட்டங்களிலே பால் மரம் சீவிக்கொண்டிருந்தவர் யார்? திருச்சியிலும் தஞ்சையிலும் சேலத்திலும் வட ஆர்க்காட்டிலும் பிறந்து, பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் துரத்தக் கப்பலேறியவர்கள். கங்காணியின் கணக்கிலே தலைக்கு இவ்வளவு என்று எண்ணப்பட்டவர்கள். உதவிப் பயணம் என்ற பெயரில் நடந்த அந்த ஆளனுப்பும் வாணிபத்தை இந்திய அரசு 1938ஆம் ஆண்டிலேதான் தடுத்து நிறுத்திற்று. அதற்குள் பல லட்சம் பேர் கடல் கடந்துவிட்டனர்.

ஜப்பானியப் படைக்கோ பர்மாவுக்கு ஓர் இருப்புப்பாதை வேண்டும். சயாமின் பான்போங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர். மலை, காடு, மலேரியா. 1942ஆம் ஆண்டின் நடுவிலே தொடங்கி, 1943 அக்டோபர் 17ஆம் நாள் இரு முனைகளையும் இணைத்துவிட்டனர். அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகள் அந்த வேலைக்குப் பூட்டப்பட்டனர். அவர்களிலே 12,000 பேருக்கு மேல் மடிந்தனர். கொடுமைதான்; மறுப்பாரில்லை. ஆனால், அவர்களோடு கூட 1,80,000க்கு மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் அங்கே உழைத்தனர் என்பதையும், அவர்களிலே மாண்டோர் ஏறத்தாழ 90,000 என்பதையும், அதனினும் மிகுதி என்று கணிப்போரும் உண்டு என்பதையும் எத்தனை பேர் அறிவர்? மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களிலே பெரும்பாலோர் தமிழர்.

எப்படிச் சென்றனர்? மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டி அழைத்தனர் முதலில். போனவர் திரும்பாதது கண்டு மற்றவர் மறுத்தபோது, பிடித்துச் சென்றனர். இலவசப் படக்காட்சி என்று கூட்டிக் கதவை அடைத்து, அப்படியே சரக்கு வண்டியிலே ஏற்றினர் என்று உயிர் தப்பியோர் கூறியுள்ளனர். கைதிகளுக்காவது உடன் வந்த படை மருத்துவர் இருந்தனர். நீரைக் காய்ச்சிக் குடி என்று கட்டளையிட அதிகாரி இருந்தனர். நம்மவர்க்கு யார் இருந்தார்? மழை ஒழுகும் கொட்டகை, அழுகிய அரிசி, புண்ணிலே புழு. 1943ஆம் ஆண்டு மழையோடு காலரா வந்தபோது, முகாம் முகாமாகச் செத்தனர். கைதிகளிலே ஐவரில் ஒருவர். தொழிலாளரிலே இருவரில் ஒருவர்! பாதை போட்டார்கள்; பாதையின் ஓரத்திலேயே புதைந்தார்கள்.

இனி நினைவுச் சின்னங்களைப் பாருங்கள், தோழர்களே! காஞ்சனபுரியிலே நேர்த்தியான போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெட்டிச் சீராக்கிய புல். வரிசை வரிசையாக ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெயர், படைப்பிரிவு, வயது, பிரிந்தவர் எழுதிய ஒரு வரி. செய்யத்தக்க செயல்; செய்தனர்; பாராட்டுவோம். 1945ஆம் ஆண்டு போர் முடிந்ததும், நேசநாட்டுக் குழு ஒன்று பாதை நெடுகிலும் சென்று கைதிகளின் புதைகுழிகளைத் தேடிக் குறித்தது. அந்தக் குழுவோடு சென்ற ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர் நாகாசே தகாஷி, தன் நாட்டுப்படை செய்த கொடுமையைக் கண்டு மனம் உடைந்தார்; மீண்டும் மீண்டும் அங்கே சென்று மன்னிப்புக் கேட்டார்; 1986ஆம் ஆண்டு பாலத்தருகே அமைதிக் கோவில் ஒன்று எழுப்பினார்; 2011இலே மறைந்தார். மனிதன் என்றால் அவன் மனிதன்! ஆனால், 1945இலே தேடப்பட்டவை கைதிகளின் குழிகள். கூலிக்காரனின் குழியைத் தேட எந்தக் குழுவும் புறப்படவில்லை.

1957ஆம் ஆண்டு க்வாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றிய ஆங்கிலப் படம் வந்தது, உலகமே பார்த்தது, ஏழு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. படம் பிடித்த இடம் இலங்கை. கதையோ வெள்ளைக் கைதிகளின் கதை. பாலத்துக்குக் கல் சுமந்த தமிழன் அந்தக் கதையிலே இல்லை.

இன்னொன்று கேளுங்கள், நெஞ்சு கொதிக்கும். 1944ஆம் ஆண்டிலேயே, போர் முடியும் முன்பே, ஜப்பானிய இருப்புப்பாதைப் படையினர் பாலத்தருகே ஒரு நினைவுத்தூண் எழுப்பினர். பாதையிலே மாண்டவர்களின் ஆவிகள் அமைதி அடையவேண்டுமாம்! பல மொழிகளிலே பொறித்தனர். அந்த மொழிகளுள் நம் தமிழும் ஒன்று! சாகடித்த கையே சாந்தி செய்தது. உயிரோடு இருந்தவனுக்குக் கஞ்சி இல்லை, மருந்து இல்லை. செத்தவனுக்குத் தூண் உண்டு, எழுத்து உண்டு, வழிபாடும் உண்டு. தூணிலே தமிழ் இருக்கிறது. தமிழன் பெயர் இல்லை. யார் அவன், எந்த ஊர், யார் பொறுப்பு? மௌனம்!

இப்போது புரிகிறதா, விளக்கை நான் ஏன் ஐயத்தோடு பார்க்கிறேன் என்று? சடங்கு இரண்டு முகம் உடையது. உற்றவன் கையிலே அது உண்மையைச் சுட்டும் விரல். குற்றவாளியின் கையிலேயோ, அது உண்மையை மூடும் போர்வை. இரண்டையும் பிரித்துக் காட்டுவது எது? பெயர்! பெயரும், நாளும், காரணமும்!

1990ஆம் ஆண்டு காஞ்சனபுரியிலே நிலத்தைத் தோண்டியபோது, நூற்றுக்கணக்கான மனித எலும்புக்கூடுகள் ஒரே குழியிலிருந்து வெளிவந்தன. வேறு நாட்டான், வேறு மொழியான் எலும்பு என்று ஒதுக்காமல், தொழிலாளரின் எலும்புகளுக்கு இடம் தந்தது அந்த ஊரின் பௌத்தப் பள்ளியாகிய தாவோன் வராராம். போர்க் கல்லறைத் தோட்டத்துக்குச் சற்று அருகே உள்ளது அது. தமிழன் தேடாத தமிழனுக்கு அங்கே ஆறடி மண் கிடைத்தது. மலேசியத் தமிழர்கள் முயன்று, அதே பள்ளியின் இடத்திலே 2023ஆம் ஆண்டு ஒரு நடுகல்லை நாட்டினர். எண்பது ஆண்டு கழித்து! நடுகல் என்ற சொல்லைத் தேர்ந்தார்களே, அதுதான் எனக்கு மகிழ்ச்சி. ஏனெனில், அந்தச் சொல்லிலேதான் நம் தோழரின் கேள்விக்கு விடை இருக்கிறது. அந்த விடையோடு நொய்யலுக்குத் திரும்புவோம்.

* * *

திருப்பூருக்குக் கிழக்கே, அதே நொய்யலின் வடகரையிலே கொடுமணல். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர். 1985ஆம் ஆண்டு தொடங்கி அங்கே அகழ்ந்து பார்த்தனர். இரும்பு உருக்கிய உலைகள், பச்சைக்கல்லும் சிவப்புக்கல்லும் பட்டை தீட்டிய பட்டறைகள், நூல் நூற்கப் பயன்பட்ட சுடுமண் தக்களிகள் வெளிவந்தன. ஆம், தோழர்களே! பனியன் வருவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நொய்யற்கரையிலே நூல் ஓடிற்று. ஊருக்கு அருகே பெருங்கற்கால ஈமக்காடு. பெரும் பலகைக் கற்களாலே அறை அமைத்து, சிவந்த மணிகளும் பானைகளும் இரும்புக் கருவிகளும் வைத்து, இறந்தவரை மதித்த மக்கள் அவர்கள். அவர்கள் செய்துவைத்த இன்னொன்றும் உண்டு: பானை ஓடுகளிலே தம் பெயர்களைத் தமிழி எழுத்திலே கீறினர். அரசனுடைய பெயரல்ல, பானைக்கு உரிய எளியவனின் பெயர்! அந்தக் கீறலால்தான் இன்று நாம் அவர்களை அழைக்க முடிகிறது.

நடுகல்லும் அப்படியே. களத்திலே வீழ்ந்தவனுக்குக் கல் தேர்வது, கொணர்வது, நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் முறை வகுக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிலே 2006ஆம் ஆண்டு கண்டெடுத்த நடுகற்கள், தமிழி எழுத்துப் பொறித்தவை. ஆநிரைப் பூசலிலே மாண்டவனின் பெயரும் ஊரும் கல்லிலே நிற்கின்றன. ஆவியை வழியனுப்பும் விளக்கு அல்ல அது. "இன்னான், இன்ன ஊரிலே, இதன் பொருட்டு மாண்டான்" என்று வழிப்போக்கனையும் நிறுத்திச் சொல்லும் கல்.

திருப்பூருக்கே ஓர் எடுத்துக்காட்டு போதும். சென்னிமலையிலே நெசவுக் குடும்பத்திலே பிறந்த குமரன், 1932 சனவரியிலே காவலரின் தடியடியிலே வீழ்ந்து, 11ஆம் நாள் உயிர் நீத்தார். குமரன் சாலையிலே நடக்கும் சிறுவனும் அதைச் சொல்வான். ஏன் மறக்கவில்லை? பெயர் இருக்கிறது, நாள் இருக்கிறது, அடித்தவர் யார் என்ற கணக்கும் இருக்கிறது.

இனி, தோழர் கேட்டபடி நொய்யலிலே விளக்கு விடுவோமா? எந்த நொய்யலிலே? சாயப்பட்டறைகள் கழித்த நீர் இறங்கி இறங்கி நிறம் மாறிய நொய்யலிலா? 1992ஆம் ஆண்டு பாசனத்துக்கென்று திறந்த ஒரத்துப்பாளையம் அணை, பயிருக்கு உதவாத சாயநீர்க் குட்டையாக மாறியது எதனாலே? 2011 சனவரி 28ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன நிலை வந்தது எதனாலே? கரையோர உழவனின் கிணறும், கன்றும், தென்னையும் கெட்டன. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றிலே விடக்கூடாது என்ற விதி அதன்பின்னர்தான் இறுகிற்று. அந்த ஆற்றின்மேல் இன்னும் ஆயிரம் காகிதக் கூடுகளைக் கொட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தால், செத்தவருக்கும் பயனில்லை, ஆற்றுக்கும் நன்மையில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அன்று நம்மவன் பசிக்காக மலாயா சென்றான். பெயரின்றிச் சயாமிலே புதைந்தான். இன்று பீகாரிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், ஜார்க்கண்டிலிருந்தும் பசியோடு வந்தவன் திருப்பூரிலே தைக்கிறான், சாயம் போடுகிறான், மூட்டை தூக்குகிறான். சாயக்கழிவுத் தொட்டியிலே இறங்கி நச்சுக்காற்றிலே மாண்ட தொழிலாளரின் செய்தி இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. அதிலே ஒருவன் வெளி மாநிலத்தான் என்றால், ஏட்டிலே என்ன வருகிறது? "வடமாநிலத் தொழிலாளி பலி!" அவனுக்குப் பெயர் இல்லையா? அம்மா வைத்த பெயர்? அவன் ஊரிலே ஓர் ஆறு இல்லையா? அந்தக் கரையிலே நின்று அழும் ஒரு தாய் இல்லையா? சயாமிலே தமிழனைக் "கூலி" என்ற ஒரே சொல்லிலே புதைத்தவனை ஏசுகிறோம். அந்தச் சொல்லையே சற்று மாற்றி நாம் வழங்கலாமா?

எனவே, தோழரே, என் விடை இது. விளக்கு ஏற்றுவது குற்றமல்ல. இருளிலே ஒளி மனிதனுக்கு இதம். ஆற்றிலே விடவேண்டாம், படிப்பகத்து மேசைமீது ஏற்றுங்கள். அதன் வெளிச்சத்திலே ஓர் ஏட்டைத் திறவுங்கள். முதல் பக்கத்திலே உங்கள் அன்னையின் பெயரை எழுதுங்கள். எந்த ஊரிலே பிறந்தார், எத்தனை வயதிலே மில்லுக்குச் சென்றார், என்ன கூலி வாங்கினார், எந்த நோய் அவரைத் தின்றது, எந்த மருந்து கிடைக்காமல் போயிற்று, எல்லாவற்றையும் எழுதுங்கள். அடுத்த பக்கத்திலே பக்கத்துத் தெருத் தோழர் தம் தந்தையைப் பற்றி எழுதட்டும். அதற்கடுத்த பக்கத்திலே, தொட்டியிலே இறங்கி மாண்டானே, அந்த ஒடிசாத் தோழனின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுங்கள்; பிழையில்லாமல் எழுதுங்கள்; தெரியவில்லை என்றால், ஹிரோஷிமாவிலே செய்ததுபோல், ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு, "பெயர் அறிந்திலோம்; அறியும்வரை ஓயோம்" என்று குறித்து வையுங்கள். ஆண்டுதோறும் அந்த நாளிலே கூடி, உரக்கப் படியுங்கள். படித்து முடித்ததும், இருப்பவருக்குச் சோறு போடுங்கள். கோதமைக்குத் தெய்வம் சொன்ன உண்மையும், மணிமேகலை ஏந்திய பாத்திரமும் அதைத்தான் சொல்கின்றன.

திவசத்துக்குப் பதில் என்ன என்று கேட்டீரே, இதுதான் பதில். புரோகிதன் வேண்டாத நினைவு. ஆறு வேண்டாத நினைவு. ஆனால், உண்மை வேண்டும் நினைவு! அத்தகைய ஏடு ஒன்று அன்று மலாயாவின் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்திருக்குமானால், எண்பது ஆண்டு கழித்து, பெயரில்லாத எலும்புகளுக்குமுன் நாம் தலைகுனிந்து நிற்க நேர்ந்திராது.

விளக்கு அணையும், அணைவது அதன் இயல்பு. எழுதிய பெயர் அணையாது. ஏட்டைத் திறவுங்கள், தோழர்களே!